தோளில் இருந்த கை

கம்பம் வட்டாரத்தில் யாராவது அகாலமாகச் செத்துப்போனால், உறவுக்காரர்களுக்கு அடுத்தபடியாக அந்த வீட்டு வாசலில் வந்து நிற்கிற ஆள் கலீல் ரஹ்மான். சில வீடுகளில் உறவுக்காரர்களுக்கு முந்தியே வந்து நின்று வசவு வாங்கியதும் உண்டு. பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அதோடு ஒரு தமிழ்த் தினசரிக்குப் பகுதி நேர நிருபர். கடை பூட்டிக் கிடக்கிற லட்சணத்தைப் பார்த்தால், ஜெராக்ஸ்தான் பகுதி நேரம் என்று யாருக்கும் தெரிந்துவிடும். தெரியாதவர்களுக்கு அவர் மனைவி ஹுஸ்னா சொல்லிவிடுவார்.

செய்தி எழுதுவதில் கலீலுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. பெயர், வயது, ஊர், கணவர் அல்லது தகப்பனார் பெயர். இந்த நாலும் கைக்கு வராமல் எவரையும் அவர் பேப்பரில் சாகவிட மாட்டார். போலீஸ்காரர்கள் வேலையை முடித்துக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். கலீல் மட்டும் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பி, "மருதமுத்து சம்சாரமா, மருதமுத்து மகளா?" என்று தெருத் தெருவாக விசாரித்துக்கொண்டிருப்பார்.

அதற்கடுத்த வேலை படம் வாங்குவது. ஒப்பாரி நடக்கிற வீட்டுக்குள் நுழைந்து, "ஒரு போட்டோ இருந்தா குடுங்க" என்று கேட்பதற்குத் தனியாக ஒரு முகம் வேண்டும். கலீலுக்கு அது பிறவியிலேயே வாய்த்திருந்தது. எப்போது பார்த்தாலும் அழப்போகிறவர் மாதிரியே இருப்பார். அவருடைய நிக்காஹ் படத்திலும் அப்படித்தான் இருக்கிறார். வாங்கிய படங்களை ஒரு பழைய அல்வா டப்பாவில் போட்டுவைத்து, மூன்றாம் நாளுக்குள் அதே வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். பதினைந்து வருஷத்தில் ஒரு படத்தைக்கூடத் தொலைத்ததில்லை. செத்தவர்களின் முகத்தை நம்பி ஒப்படைக்கலாம் என்று பெயர் எடுத்த ஒரே மனுஷர், எங்கள் பள்ளத்தாக்கில் அவர்தான்.

2006 நவம்பரில் கம்பமெட்டு மலைப்பாதை இறக்கத்தில் ஒரு ஜீப் கவிழ்ந்தது.

காமயகவுண்டன்பட்டியிலிருந்து மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வருகிற பெண்களின் வண்டி. விடிவதற்குள் ஏறி, சாயங்காலம் இறங்கும். எட்டுப் பேர் உட்காருகிற ஜீப்பில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தால், அந்தப் பாதையில் அதற்குப் பெயர் நெரிசல் இல்லை, வசதி. அன்றைக்கு அந்த வசதிக்குள் இன்னொரு ஆளும் ஏறிக்கொண்டது. எமிலி என்கிற வெள்ளைக்காரப் பெண். ஏலத்தோட்டம் பார்க்க வந்தவள், கம்பம் பஸ்ஸை விட்டுவிட்டு, முதுகில் மூட்டையோடு மெட்டில் நின்றிருக்கிறாள். ஜீப்பை நிறுத்தி ஏற்றச் சொன்னது சோணையம்மாள். ஐம்பது வயசு, தாலி கட்டியவர் போன நாள் முதலாக அதே ஜீப்பில் அதே இடம். பின்பக்கம் திறப்பு ஓரமாக, காற்று வாங்கிக்கொண்டு வருகிற அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார்ந்துவிட முடியாது. அந்த இடத்தைத்தான் எமிலிக்கு விட்டுக்கொடுத்து, உள்ளே தள்ளி உட்கார்ந்தார்.

வண்டி கிளம்புவதற்கு முன்னால் எமிலி தன் கேமராவை டிரைவரிடம் கொடுத்து, எல்லோரையும் சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொல்லியிருக்கிறாள். டிரைவரும் கீழே நின்று எடுத்திருக்கிறான். மூன்றாவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. ஏழு பெண்கள் அங்கேயே போய்விட்டார்கள், மற்றவர்கள் காயத்தோடு பிழைத்தார்கள். ஓரத்தில் இருந்த எமிலியை வண்டி வெளியே வீசிவிட்டது. உண்ணிச்செடிப் புதரில் விழுந்து, காறை எலும்பு முறிந்ததோடு தப்பித்தாள். உள்ளே தள்ளி உட்கார்ந்த சோணையம்மாள் தப்பிக்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குள் ஏழு பேருடைய பெயர், வயது, ஊர், கணவர் பெயர் எல்லாம் கலீலின் நோட்டில் இருந்தன. படங்கள் ஆறுதான் இருந்தன.

சோணையம்மாளுக்குப் படம் இல்லை. ரேஷன் கார்டில் இருந்தது செத்துப்போன புருஷன் படம். வாக்காளர் அட்டையில் சோணையம்மாள் என்று கொட்டை எழுத்தில் பெயர் போட்டு, மேலே மீசை வைத்த ஒருத்தரின் படத்தை ஒட்டியிருந்தார்கள். எட்டு வருஷமாக அந்த மீசையை நீட்டித்தான் அந்த அம்மாள் ஓட்டுப் போட்டிருக்கிறார். சாவடியில் ஒருத்தரும் ஒன்றும் கேட்டதில்லை. நம் ஜனநாயகம் அவ்வளவு தாராளமானது.

பேப்பரில் ஆறு முகம் வந்தது. ஏழாவது கட்டத்தில் பெயர் மட்டும் வந்தது. சோணையம்மாளின் ஒரே மகள் முருகம்மாள், திராட்சைத் தோட்டத்தில் கொடி கட்டுகிறவள். அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு கலீலிடம் கேட்டாள்.

"எங்காத்தா மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு, பாய்? நாளைக்கு எம்பிள்ளைக அம்மாச்சி எங்கன்னு கேட்டா, இந்தக் காலிக் கட்டத்தக் காட்டுறதா?"

"பொறும்மா, ஏதாச்சும் கல்யாணத்துல, காதுகுத்துல எடுத்தது இருக்கும்."

"படம் எடுக்க வந்தா அடுப்படிக்குள்ள ஓடிப்போயிரும். அத்தன வெக்கம். ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அந்த வெள்ளக்காரப் புள்ள போட்டோப் பெட்டியில இருக்கு. தப்பிச்சு வந்தவுக சொன்னாக. அத வாங்கிக் குடுத்துருங்க பாய். பதினாறாம் நாளு கும்பிட ஒரு முகம் வேணும்."

கலீல் வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுப்பதற்கு அவருக்கு ஒரு தைரியம் இருந்தது. லண்டனிலிருந்து வெளிவருகிற ஒரு பத்திரிகையின் டெல்லி நிருபர் மறுநாள் வருவதாகப் போன் வந்திருந்தது.

அவர் பெயர் ராபின். நல்ல மனுஷர், அதைச் சொல்லியாக வேண்டும். வெயிலில் சிவந்து, எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிட்டு, கொடுத்த டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். லண்டன் பேப்பரிலிருந்து ஆள் வந்ததில் கலீலுக்குக் கால் தரையில் பாவவில்லை. தன் மோட்டார் சைக்கிளில் முன்னால் போய், காரை ஊருக்குள் கூட்டிவந்து, மொழிபெயர்ப்பாளராகவும் தானே நின்றுகொண்டார். ஊர் மந்தையில் நின்று, "ஏழு பேரு பேரும் லண்டன் பேப்பர்ல வரும், பாத்துக்கங்க" என்று சத்தமாக அறிவித்தார். யாரும் கேட்காமலேயே அறிவித்தார்.

ராபின் முருகம்மாள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எமிலி பயந்தாரா என்று கேட்கிறார்" என்றார் கலீல்.

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் அந்த வண்டியில வரல. எங்காத்தா தான் இடத்தக் குடுத்துட்டு உள்ள போயி உக்காந்துச்சாம். அதச் சொல்லுங்க."

கலீல் சொன்னார். ராபின் தலையை ஆட்டிக்கொண்டார். எழுதவில்லை.

"எமிலி கடைசியாக எதைப் பார்த்துச் சிரித்தார், என்ன சாப்பிட்டார், யாருக்காவது தெரியுமா என்கிறார்."

"எங்காத்தா என்ன சாப்பிட்டுச்சுன்னு தெரியும். கம்மஞ்சோறும் மோரும். அத எழுதிக்கிருவாரா?"

எழுதிக்கொள்ளவில்லை. புலி வருமா என்று கேட்டதை மட்டும் எழுதிக்கொண்டார். புலி வராது என்று சொன்னதை எழுதிக்கொண்டாரா என்பது பிற்பாடு தெரிந்தது.

கிளம்புகிற நேரத்தில் கலீல் ஒரு தாளை நீட்டினார். ஏழு பெயர்களையும் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், வயதோடும் கணவர் பெயரோடும் ஊரோடும், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தார். படத்தைப் பற்றியும் சொன்னார். ராபின், "கட்டாயம் கேட்கிறேன்" என்று சொல்லி, தாளை நான்காக மடித்து, மிகுந்த மரியாதையோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தத் தாளுக்கு நடந்த நல்லடக்கம் அதுதான்.

பத்தாம் நாள் கலீல் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்தச் செய்தியைத் திறந்தார். இன்டர்நெட் அப்போதெல்லாம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். முதலில் தலைப்பு வந்தது, பிறகு எமிலியின் தலைமுடி வந்தது, நெற்றி வந்தது. முழுப் பக்கமும் வந்து சேர்வதற்குள் கலீல் இரண்டு டீ குடித்துவிட்டார்.

புலிகள் உலவும் மலைச்சாலையில் எமிலியின் அதிசய மறுபிறவி. இதுதான் விஷயம். அந்த மெட்டுப் பாதையில் பிறந்து வளர்ந்தவர்கள் பார்த்ததெல்லாம், ரேஷன் அரிசியைக் கேரளாவுக்குக் கடத்துகிறவர்களைத்தான். புலியைக் கண்டவர் கிடையாது. செய்தியில் எமிலி படித்த பள்ளிக்கூடம் இருந்தது. எமிலியின் அம்மா அடுப்பில் வைத்த கேக் கருகிப்போனது இருந்தது. டாபி என்கிற நாய் இருந்தது. அவள் திரும்பி வருகிறவரை அது சோறு தின்னவில்லையாம். டாபிக்கு ஆறு வயது. எந்த ஊர் நாய் என்பதும் போட்டிருந்தது. பெயர், வயது, ஊர் எல்லாம் சரியாக இருந்தது. கலீலின் சட்டப்படி தகப்பனார் பெயர் ஒன்றுதான் பாக்கி.

ஆகக் கடைசியில், வேறு எங்கேயும் வைக்க இடமில்லாமல் வைத்த மாதிரி, ஒரு வரி: 'இந்த விபத்தில் உள்ளூர்வாசிகள் ஏழு பேரும் உயிரிழந்தனர்.'

கலீல் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். தன் ஆங்கிலத்தில்தான் ஏதோ குறை, பெயர்கள் இடையில் எங்காவது இருக்கும், தான் தவறவிட்டிருப்போம் என்று நினைத்தார். இல்லை. அப்போதுதான் படத்தை நன்றாகப் பார்த்தார். ஜீப்பின் பின்பக்கம் எமிலி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். படம் அவளோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அவள் தோளில் ஒரு கை இருந்தது. யாருடையது என்று தெரியாத, முழங்கைக்கு மேலே வெட்டப்பட்ட, செம்பு வளையல் போட்ட கை.

படத்தை வெட்டுகிற வேலை கலீலுக்குத் தெரியாததல்ல. கல்யாண குரூப் போட்டோவிலிருந்து பிணமாகிப்போனவரை மட்டும் தனியாக வெட்டி எடுத்துத்தானே அவரும் அனுப்புகிறார். வெட்டும்போது பக்கத்து ஆளின் காதோ தோளோ ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அந்தக் காதுக்காரரைப் பற்றி அதுவரை அவர் யோசித்ததில்லை.

பிரின்ட் எடுத்துக்கொண்டு நேரே காமயகவுண்டன்பட்டிக்குப் போனார். முருகம்மாள் தாளை வாங்கி எமிலியின் முகத்தை ஒரு நொடிதான் பார்த்தாள். பிறகு விரலைக் கொண்டுபோய் அந்தத் தோளில் வைத்தாள்.

"இது எங்காத்தா கை."

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா. வண்டியில அத்தன பேரு இருந்தாக."

"இங்கன பாருங்க, தேள் பச்ச குத்தியிருக்கு. வளையல்ல ரெண்டு ஊக்கு மாட்டியிருக்கு. நாந்தான் மாட்டிவிட்டேன், சேல கிழிஞ்சிருந்துச்சுன்னு." விரல் அந்தக் கை வழியே மேலே ஏறி, படம் முடிகிற இடத்தில் நின்றது. "மொகத்த எங்க பாய்?" என்று கேட்டாள்.

மொகத்தை லண்டனில் வெட்டிப்போட்டுவிட்டார்கள் என்பதை எந்த மொழியில் சொல்வது என்று கலீலுக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் வீட்டில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு கத்தினார். "நாய்க்குப் பேரு போடுறாங்க ஹுஸ்னா! நாய்க்கு! ஏழு பொம்பளைக செத்திருக்காக, அவங்களுக்கு அது நம்பரு! இந்த வெள்ளக்காரனுக்கு நாமன்னா என்ன, ஏலக்காயா, எடை போட்டுச் சொல்றதுக்கு?"

ஹுஸ்னா ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்துபோனார். அலமாரித் தட்டில் விரித்திருந்த பழைய பேப்பரை உருவிக்கொண்டு வந்து, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கலீலின் சொந்தப் பத்திரிகைதான். 'பீகாரில் படகு கவிழ்ந்து 60 பேர் பலி. தமிழர்கள் யாரும் இல்லை.'

"இது எந்த வெள்ளக்காரர் எழுதுனது?"

"அது ஏஜென்சிச் செய்தி. நானா எழுதுனேன்?"

"சரி. லோயர்கேம்ப்புல லாரி கவுந்து நாலு பேரு மவுத்தானாகளே, ஒரிசாக்காரப் பயலுக. அது நீங்க எழுதுனதுதான? அவுக பேரு என்ன?"

கலீல் சோற்றைப் பிசைந்தார்.

"ஸ்டேஷன்ல பேரு எழுதிக் குடுக்கல."

"மத்தவுகளுக்கு மட்டும் எழுதிக் குடுத்தாகளா? அன்னைக்கு மோட்டார் சைக்கிள உதைக்கலையே நீங்க. மழன்னு சொல்லி வீட்லதான படுத்திருந்தீக. நான்தான பஜ்ஜி போட்டுக் குடுத்தேன்."

பதினாறு வருஷக் குடித்தனத்தில் ஹுஸ்னா எவ்வளவோ திட்டியிருக்கிறார். கலீலுக்கு எதுவும் உறைத்தது கிடையாது. அன்றைக்கு அந்த பஜ்ஜி உறைத்தது. கைகழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

ராபினுக்கு அனுப்பவென்று, சோற்றுக்கு உட்காருவதற்கு முன்பே ஒரு கடிதம் எழுதிவைத்திருந்தார். அதில் கிழக்கிந்தியக் கம்பெனி முதல் டாபி வரை ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினார். லீவ் லெட்டர் ஆங்கிலம்தான் அவருக்குக் கைவந்தது. 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பத்திரிகையில் வெட்டப்பட்ட எங்கள் ஊர்ப் பெண்மணியை உடனடியாகத் திருப்பி அனுப்பிவைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு வேறு முகம் இல்லை.' கூடவே ஏழு பெயர்களையும் மறுபடி எழுதி, தன் கடை முகவரியையும் போட்டு, தயவுசெய்து இதை எமிலி அவர்களிடம் சேர்ப்பிக்கவும் என்று முடித்து, பிரவுசிங் சென்டரில் ஈமெயிலாக அனுப்பினார்.

பத்திரிகை ஆபீசிலிருந்து உடனே பதில் வந்தது. தங்கள் கருத்தை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம் என்று இருந்தது. மிஷின் அனுப்புகிற பதில் அது என்று பிரவுசிங் சென்டர்காரர் விளக்கினார். மிஷினாவது மதிக்கிறதே என்றார் கலீல். நான்கு நாள் கழித்து ராபினே எழுதினார். வருந்துகிறேன், படம் எமிலியின் குடும்பத்துடையது, பேப்பரில் இடமில்லாததால் ஆசிரியர்கள் வெட்டினார்கள், கடிதத்தை அவளுக்கு அனுப்பிவைக்கிறேன், நான் இப்போது வேறொரு நாட்டில் வெள்ளச் செய்திக்காக வந்திருக்கிறேன். அந்த வெள்ளத்தில் ஜெர்மன்காரர்கள் இரண்டு பேரைக் காணவில்லை என்று கலீல் டி.வி.யில் பார்த்திருந்தார். அந்த நாட்டுக்காரர்கள் எத்தனை பேரைக் காணவில்லை என்பதை அவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பதினாறாம் நாள் நெருங்கிவிட்டது. முருகம்மாளின் புருஷன் நல்லகண்ணு, வேறு வழி தெரியாமல், கம்பத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிற செல்வமணியிடம் போனான். செல்வமணி கம்ப்யூட்டரில் கெட்டிக்காரர். முருகம்மாளின் படத்தை எடுத்து, தலையை நரைக்கவைத்து, கன்னத்தில் இரண்டு கோடு இழுத்து, மூக்குத்தி மாட்டி, பின்னால் நீல வானமும் நீர்வீழ்ச்சியும் வைத்து சோணையம்மாளை உண்டாக்கிக் கொடுத்தார். முருகம்மாள் அதைப் பார்த்ததும் வீறிட்டுவிட்டாள். "அடப்பாவி மனுசா, இது நான் செத்துப்போன படம்ல!"

கடைசியில் பள்ளத்திலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்திருந்த சோணையம்மாளின் தூக்குச்சட்டியை இலையில் வைத்து, அதற்குப் பொட்டு வைத்து, அதற்கு மாலை போட்டுக் கும்பிட்டார்கள். ஒரு பக்கம் நசுங்கிய சட்டி. கலீலும் ஓரமாக நின்றிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்ட வீட்டுக்குப் படம் கொண்டுவராமல் நின்றார். முருகம்மாள் அவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

தைப் பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் தபால்காரர் ஒரு தடித்த உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். மேலே 'திரு. கலீல், ஜெராக்ஸ், கம்பம்' என்று இருந்தது. ஜெராக்ஸ் என்பது அவருடைய குடும்பப் பெயர் என்று எமிலி நினைத்திருப்பாள் போலிருக்கிறது. உள்ளே அட்டைக்கு நடுவில் பத்திரமாக வைத்து ஒரு பெரிய கலர் படமும் ஒரு கடிதமும் இருந்தன.

கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். 'எனக்கு இடம் கொடுத்த அம்மா, செத்துப்போன ஏழு பேரில் ஒருவரா, பிழைத்தவர்களில் ஒருவரா என்பது எனக்குத் தெரியாமலே இருந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டேன், ஓய்வெடு என்றார்கள். பத்திரிகையில் எண்ணிக்கைதான் இருந்தது. உங்கள் கடிதத்தில்தான் பெயர்களைப் பார்த்தேன். படத்தில் யார் யார் என்று எனக்கு எழுதுவீர்களா? அவர் என் கன்னத்தைத் தொட்டு ஏதோ சொல்லிச் சிரித்தார். அது என்ன என்றும் தெரிந்தால் எழுதுங்கள்.'

படத்தில் அத்தனை பேரும் இருந்தார்கள். ஓரத்தில் எமிலி. அவள் தோளில் கை. அந்தக் கைக்குப் பின்னால் ஒரு தோள், அந்தத் தோளுக்கு மேலே வெற்றிலைக் காவி ஏறிய பல்லெல்லாம் தெரிய எமிலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு சோணையம்மாள். படமென்றால் அடுப்படிக்குள் ஓடுகிற மனுஷி, படம் எடுக்கிறார்கள் என்பதையே மறந்துபோயிருந்தார். கலீல் கடையை அப்படியே பூட்டினார். ஜெராக்ஸ் எடுக்க நின்ற இரண்டு பேரையும் உள்ளே வைத்துப் பூட்டப் பார்த்தார்.

முருகம்மாளையும் நல்லகண்ணுவையும் கூட்டிக்கொண்டு நேரே செல்வமணியின் ஸ்டுடியோவுக்குத்தான் போனார். முருகம்மாள் படத்தைக் கையில் வாங்கினாள். "ஆத்தா" என்று ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான். கண்ணீர் படத்தில் விழுந்துவிடக் கூடாதென்று தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதாள். கலீலும் அழுதார். அவர் முகத்தில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

செல்வமணி படத்தை ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினார்.

"பாய், சோணையம்மாள மட்டும் எடுத்துறவா, எல்லாத்தையும் வைக்கவா?"

கலீலுக்குள் இரண்டு மாதமாக அடங்கிக் கிடந்தது அப்போது எழுந்துகொண்டது.

"நம்ம ஆளுக அத்தன பேரும் இருக்கட்டும். அந்த ஓரத்துல இருக்காளே, வெள்ளக்காரப் பொண்ணு, அவள வெட்டு. தோள மட்டும் விட்டுட்டு வெட்டு. நம்மளக் கையாக்குனாங்கள்ல, அவங்க தோளா இருக்கட்டும். 'படத்தில் வெளிநாட்டவர் ஒருவரும் உள்ளார்'னு கீழ ஒரு வரி போட்ருவோம். அதையும் பொடி எழுத்துல போடு."

செல்வமணிக்கும் அது ரொம்பப் பிடித்துப்போனது. மவுஸை இழுத்து எமிலியைச் சுற்றிக் கோடு போட்டார். நல்லகண்ணு சிரித்தான். முருகம்மாள் எழுந்து வந்து திரைக்கு முன்னால் கையை நீட்டினாள்.

"இருங்க. வெட்டாதீக."

"ஏம்மா? அவுக வெட்டலையா?"

"வெட்டுனாக. அதான் இத்தன நாளு ஆத்தா கைய மட்டும் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆத்தா இந்தப் புள்ளையப் பாத்துத்தான சிரிக்கிது, பாய். இத வெட்டிட்டா, ஆத்தா எதப் பாத்து இப்பிடிச் சிரிக்கிதுன்னு எம்பிள்ளைகளுக்குத் தெரியாதுல்ல? கிறுக்கச்சி மாதிரி வெறும் ஆகாசத்தப் பாத்துல சிரிக்கும்?"

செல்வமணி கோட்டை எடுத்துவிட்டார். கலீல் கொஞ்ச நேரம் நாற்காலியின் பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

எமிலிக்கு அவர் பதில் எழுதினார். இடமிருந்து வலமாக என்று ஆரம்பித்து, ஏழு பேருக்கும் பெயர், வயது, ஊர், கணவர் பெயர். பிழைத்தவர்களுக்கும் அதே மாதிரி. கன்னத்தைத் தொட்டுச் சொன்னது என்ன என்பதற்காக, பிழைத்து வந்தவர்கள் வீட்டுக்கு மூன்று தடவை போய்வந்தார். 'பச்சப்புள்ள, இப்பிடி மெலிஞ்சு கெடக்கு, இவ ஆத்தா சோறு போடுறாளா இல்லையா' என்று சோணையம்மாள் கேட்டாராம். அதையும் எழுதினார். அதற்குப் பிறகு ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல் லோயர்கேம்ப் ஸ்டேஷனுக்குப் போய், பழைய லாரி விபத்தின் பதிவைக் காட்டச் சொல்லிக் கேட்டார். நான்கு பெயர்களில் மூன்றுதான் கிடைத்தன. நோட்டில் குறித்துவைத்துக்கொண்டார். பேப்பரில் போட முடியாது என்று தெரிந்தும் குறித்துக்கொண்டார்.

செல்வமணி ஏழு பிரதி போட்டார். ஏழு வீட்டுச் சுவரிலும் இன்றைக்கும் அந்தப் படம் இருக்கிறது. அதில் ஒரு சிக்கல் வந்தது. உயிரோடு இருக்கிறவர்கள் படத்துக்கு மாலை போடக் கூடாது. எமிலியும் பிழைத்த பெண்களும் அதே சட்டத்துக்குள்தான் இருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் ஆள் இருக்கிற இடமாகப் பார்த்து ஆணி அடித்து, மாலையை ஒதுக்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள். முருகம்மாள் வீட்டில் அது ஒருச்சாய்ந்து, சோணையம்மாளைச் சுற்றி இறங்கி, எமிலியின் தோளுக்கு ஒரு விரற்கடை தள்ளி நிற்கும்.

புதிதாக வருகிற விருந்தாளிகள், மாலை நழுவிவிட்டது என்று நினைத்து நிமிர்த்திப் போடப் போவார்கள். முருகம்மாள் அடுப்படியிலிருந்தே சத்தம் போடுவாள்.

"அங்கிட்டுத் தள்ளாதீக! அந்தப் புள்ள உசுரோட இருக்கு!"